பற்காறையும் 480 தோட்டத் தொழிலாளர்களும்

"பல்லைக் கிளீன் பண்ணினால் பல் ஆடிப் போய்விடும்." நம் ஊரில் இதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. பாட்டி சொல்வார், பக்கத்து வீட்டு மாமா சொல்வார், சில சமயம் ஒருமுறை கிளீனிங் செய்துகொண்டு வந்தவரே சத்தியம் அடித்துச் சொல்வார்.

அவர் சொல்வதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. பல வருடமாகச் சேர்ந்த காறை, பற்களை ஒன்றோடொன்று சிமெண்ட் பூசியது போலப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் மறைவில் ஈறு விலகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து போயிருக்கும். டாக்டர் காறையை எடுத்ததும், ஏற்கனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. திருடனைக் காட்டிக் கொடுத்தவன் மேலேயே பழி விழுந்த கதைதான்.

சரி, ஒருவர் இந்த நம்பிக்கையை உண்மையிலேயே சோதித்துப் பார்க்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும்? கிளீனிங் செய்துகொள்ளாத, பிரஷ்ஷே பிடிக்காத ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் பற்கள் என்ன ஆகின்றன என்று பல வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யார் அப்படிப் பார்ப்பார்கள் என்று தோன்றும்.

பார்த்திருக்கிறார்கள். 1970-இல் தொடங்கிய அந்த ஆய்வில் கடைசிப் பரிசோதனை நடந்தது 2010-இல். பார்க்கப்பட்டவர்கள் தமிழர்கள், இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். ஈறு நோயைப் பற்றிய பாடப் புத்தகங்களில் இன்றும் அவர்கள் வருகிறார்கள், பெயர் இல்லாமல், எண்களாக மட்டும். அந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிய வேண்டுமானால், பல் சுத்தம் செய்யும் தொழில் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

*

காறையைச் சுரண்டுவது ஒன்றும் புது வித்தை இல்லை. சுமார் கி.பி. 1000-ஆம் ஆண்டில் ஸ்பெயினின் கோர்டோபாவில் வாழ்ந்த அரபு அறுவை மருத்துவர் அல் ஸஹ்ராவி, தன் பெரிய மருத்துவ நூலில் பல் சுரண்டுவதற்கென்றே 14 கருவிகளைச் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் முடியாவிட்டால் அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று சுத்தமாகும் வரை சுரண்டச் சொல்கிறார். அதாவது இன்று டாக்டர் "இன்னும் ரெண்டு சிட்டிங் வரணும்" என்று சொல்வதற்கு ஆயிரம் வருட வரலாறு இருக்கிறது!

1683-இல் ஹாலந்தில் ஆண்டனி வான் லேவன்ஹுக் என்ற ஜவுளி வியாபாரி, தானே செய்த லென்ஸ் வழியாகப் பல் ஊத்தையைப் பார்த்தார். உயிருள்ள ஏதோ நெளிந்தன. பாக்டீரியாவை மனிதன் முதன்முதலில் பார்த்த தருணங்களில் அதுவும் ஒன்று. அவர் தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்ப்பவர். வாழ்நாளில் பல்லே தேய்க்காத ஒரு கிழவரின் வாயிலிருந்தும் ஊத்தையை எடுத்துப் பார்த்தார். அதில் கூட்டம் இன்னும் அதிகம். தேய்த்த வாய், தேய்க்காத வாய் என்ற ஒப்பீடு அன்றே வந்துவிட்டது. ஆனால் இந்தப் பூச்சிகளுக்கும் ஈறு நோய்க்கும் முடிச்சுப் போட இன்னும் 280 வருடம் ஆயிற்று.

இடையில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் வருகிறது. அங்கே ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். 1844 டிசம்பரில் ஹொரேஸ் வெல்ஸ் என்பவர் 'சிரிப்பு வாயு'வை முகர்ந்துவிட்டு, வலி இல்லாமல் தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டார் அல்லவா, மயக்க மருந்து வரலாற்றின் முதல் அத்தியாயம்? அந்தப் பல்லைப் பிடுங்கிய கை ரிக்ஸுடையது. ஆனால் அவர் பெயர் நிலைத்தது வேறொன்றால். ஈறிலிருந்து சீழ் வடிந்து, பல் ஆடி, தானாக விழும் நோய்க்கு அன்று உருப்படியான வைத்தியம் இல்லை. ஈறை வெட்டுவார்கள், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்குவார்கள். ரிக்ஸ் ஈறை வெட்டுவதை எதிர்த்தார். நோய்க்குக் காரணம் உடம்பில் எங்கோ இல்லை, பல்லின் மேல் ஒட்டியிருக்கும் அழுக்கில்தான் இருக்கிறது, ஈறுக்கடியில் வேர் வரை சுரண்டிச் சுத்தம் செய்தால் நோய் அடங்கும் என்றார். 1876-இல் இதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். நோய்க்கே 'ரிக்ஸ் நோய்' என்று பெயர் வந்தது. நம் ஊர்ப் பழைய பல்பொடி விளம்பரங்களில் 'பயோரியா' என்று பயமுறுத்துவார்களே, அதே நோய்தான்.

அதே கனெக்டிகட்டில் இன்னொரு ஊர் பிரிட்ஜ்போர்ட். அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர், நோய் வந்தபின் சுரண்டுவதைவிட, வருவதற்கு முன்பே மாதா மாதம் சுத்தம் செய்தால் என்ன என்று யோசித்தார். (யோசனை பிலடெல்பியாவின் டாக்டர் டி. டி. ஸ்மித்துடையது. ஃபோன்ஸ் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.) ஆனால் நாள் முழுக்கப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தால் மற்ற வேலையை எப்போது பார்ப்பது? 1906-இல் தன் உதவியாளரும் உறவுக்காரருமான ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார். 1913-இல் வீட்டை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் ஒரு பள்ளியே தொடங்கிவிட்டார். பாடம் எடுக்க யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களிலிருந்தெல்லாம் பேராசிரியர்கள் வந்தார்கள். 1914-இல் 27 பெண்கள் படித்து முடித்தார்கள். 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' என்ற பெயர் ஃபோன்ஸ் வைத்ததுதான். 1917-இல் அந்தத் தொழிலுக்கான முதல் உரிமம் ஐரீன் நியூமனுக்குக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, படித்து முடித்தவர்களில் பலரை பிரிட்ஜ்போர்ட் கல்வி வாரியம் வேலைக்கு எடுத்து நகரத்துப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியது. அது ஒரு தொழிற்சாலை நகரம். பணக்கார நோயாளியின் நாற்காலியில் பிறந்த கிளீனிங், பிறந்த சில வருடங்களிலேயே தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் போய்விட்டது. நம் நாட்டில் 1948-இன் பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்டுகளுக்குத் தனிப் பதிவேடே வைத்தது. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் அப்படி ஒருவரைப் பார்த்ததே இல்லை. கிளினிக்கில் டாக்டரே எல்லாம் செய்கிறார்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்டர் கையில் 'ஞொய்ங்' என்று சத்தம் போட்டுக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும் அந்த அல்ட்ராசானிக் இயந்திரம் 1950-களில் வந்தது. உண்மையில் அது சொத்தைப் பல்லில் குழி தோண்டுவதற்காகச் செய்யப்பட்டது. அதே காலத்தில் காற்றில் சுழலும் அதிவேக டிரில் வந்துவிடவே, அந்த வேலைக்கு இது தேவைப்படாமல் போயிற்று. காறை எடுக்க உதவும் என்று பிறகுதான் கண்டுகொண்டார்கள். அது நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிர்ந்து காறையை உடைக்கிறது. "மெஷின் வைத்துப் பல்லை ராவிவிட்டார்கள்" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அது ராவுகிற வேலையே இல்லை.

*

இத்தனை நடந்தும் 1960-கள் வரை ஒரு அடிப்படைக் கேள்விக்கு நிரூபணமான பதில் இல்லை. ஈறு நோய்க்கு ஊத்தைதான் காரணமா? வயதானால் தானாக வருகிறது என்றார்கள், வைட்டமின் குறைவு என்றார்கள், கடித்து மெல்லும் அழுத்தம் சரியில்லை என்றார்கள். காறையின் கடினமான முனை ஈறைக் குத்துவதால்தான் என்றும் ஒரு கட்சி இருந்தது.

நார்வேக்காரரான ஹரால்ட் லோ அப்போது டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்தார். அவரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை அவ்வளவு எளிமையானது. நல்ல ஈறு உள்ள 12 பேரை எடுத்துக்கொண்டார்கள். அதில் 9 பேர் முதல் வருட மாணவர்கள். மற்ற மூவரும் அதே கல்லூரியைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குச் சொன்னது ஒன்றுதான், "இனிமேல் பல் தேய்க்காதீர்கள்." (ஹாஸ்டலில் சிலர் இந்தச் சோதனையைச் சொந்தச் செலவில் நடத்திக்கொண்டிருப்பது வேறு விஷயம்.) 10-லிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்குமே ஈறு சிவந்து வீங்கியது. மறுபடியும் தேய்க்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போல ஆயிற்று, ஈறு பழையபடி ஆகிவிட்டது. 1965-இல் வெளியான இந்த முடிவு, ஊத்தைதான் குற்றவாளி என்ற வழக்கை முடித்துவைத்தது.

ஆனால் பாதி வழக்கைத்தான். ஈறு வீங்குவது ஒன்று, எலும்பு கரைந்து பல் விழுவது வேறு. முதலாவது மூன்று வாரத்தில் வந்து ஒரு வாரத்தில் போகும். இரண்டாவது வருவதற்கு வருடக்கணக்காகும், வந்தால் திரும்பாது. அதை மாணவர்களை வைத்துச் சோதிக்க முடியாது. எந்த டென்மார்க் மாணவன் 20 வருடம் பல் தேய்க்காமல் இருப்பான்? இருந்தாலும் எந்தக் கல்லூரி அதை அனுமதிக்கும்?

அதனால் ஏற்கனவே அப்படி இருப்பவர்களைத் தேடினார்கள்.

லோவும் அவருடைய குழுவும் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று ஓஸ்லோ. 1969-இல் அங்கே 565 ஆண்களைச் சேர்த்தார்கள். எல்லோரும் மாணவர்கள் அல்லது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நகரம் சுமார் 40 வருடமாகப் பிள்ளைப் பருவத்திலிருந்தே எல்லோரையும் வருடா வருடம் அழைத்துப் பல் பார்த்துவந்த நகரம். உலகத்திலேயே அதிகப் பல் மருத்துவம் கிடைத்த கூட்டம் என்று அதைச் சொல்லலாம். இரண்டாவது இடம் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்கள். 1970-இல் அங்கே 480 ஆண் தொழிலாளர்களைச் சேர்த்தார்கள். வயது 14 முதல் 31 வரை. தமிழர்கள்.

அவர்களை ஏன் பிடித்தது? காரணங்களை ஆய்வுக் கட்டுரைகளே சொல்கின்றன. இவர்கள் பிரஷ் போன்ற வழக்கமான முறையில் பல் சுத்தம் செய்வதில்லை. பல் மருத்துவரைப் பார்த்ததில்லை. பல் நோயைத் தடுக்கவோ குணப்படுத்தவோ தோட்டத்தில் எந்தத் திட்டமும் இல்லை. அதோடு, சொத்தைப் பல் கிட்டத்தட்ட யாருக்குமே இல்லை. இது ஆராய்ச்சியாளருக்கு லாட்டரி மாதிரி. சொத்தை இல்லாத வாயில் பல் விழுந்தால் அதற்கு ஈறு நோய்தான் காரணம், வேறு எதன்மேலும் சந்தேகப்பட வேண்டாம்.

அந்த 'எந்தத் திட்டமும் இல்லை' என்பது வானத்திலிருந்து விழுந்த நிலைமை அல்ல. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். லயங்களில் ஒரே அறையில் ஒரு குடும்பம். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். (அந்த மீதியை 1974-இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். சரக்குப் பட்டியல் படிப்பது போல இருக்கிறது இல்லையா?) 1970-இல் நார்வே டாக்டர்கள் வந்து வாயைத் திறக்கச் சொன்னபோது, இந்தப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. எந்த நாட்டுக்காரர் என்பதே முடிவாகாத ஒரு சமூகத்துக்கு, பள்ளிப் பிள்ளைகளை வருடா வருடம் அழைத்துப் பல் பார்க்கும் ஓஸ்லோ மாதிரி ஒரு ஏற்பாட்டை யார் செய்திருப்பார்கள்?

பரிசோதனை 1970-க்குப் பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று தொடர்ந்தது. எல்லாத் தடவையும் அளவெடுத்தவர்கள் அதே இருவர், அளவெடுத்த முறையும் அதே. அளந்தது ஈறும் எலும்பும் பல்லைப் பிடித்திருக்கும் பிடிப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை. இதற்கு வணிகவியலில் அழகான வார்த்தை இருக்கிறது, தேய்மானம். ஓஸ்லோக்காரர்களின் பல்லிடுக்கில் வருடத் தேய்மானம் சுமார் 0.08 மி.மீ. தோட்டத் தொழிலாளர்களுக்கு 0.30 மி.மீ. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் 40 வயதை நெருங்கும்போது ஓஸ்லோக்காரர் சராசரியாக இழந்தது ஒன்றரை மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல், தோட்டத்துக்காரர் இழந்தது நாலரை மி.மீ. பல்லின் வேர் நீளமே சராசரி 13 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1986-இல் வெளியான கட்டுரைதான் மிகப் பிரபலம். 15 வருடம் பார்த்ததில் அந்தத் தொழிலாளர்கள் மூன்று பிரிவாகத் தெரிந்தார்கள். எல்லோர் வாயிலும் காறை, எல்லோர் ஈறிலும் வீக்கம். இதில் வித்தியாசமே இல்லை. ஆனால் சுமார் 81 சதவீதம் பேருக்கு நோய் மிதமான வேகத்தில் போயிற்று. அவர்கள் 45 வயதில் சராசரி 7 பல்லை இழந்திருந்தார்கள். சுமார் 8 சதவீதம் பேருக்கு அசுர வேகம். இருபது வயதிலேயே பல் விழத் தொடங்கி, 45 வயதில் கிட்டத்தட்ட வாயே காலி. மீதி 11 சதவீதம் பேருக்கு? ஒன்றும் ஆகவில்லை. அதே ஊத்தை, அதே காறை, அதே வீங்கிய ஈறு, ஆனால் எலும்பு கரையவே இல்லை.

இந்த 11 சதவீதம்தான் மருத்துவத்தைத் திருப்பிப் போட்டது. அதுவரை ஊத்தை இருந்தால் ஈறு வீங்கும், ஈறு வீங்கினால் எலும்பு கரையும், கரைந்தால் பல் விழும் என்று ஒரே நேர்க்கோடாக நினைத்திருந்தார்கள். கோடு அப்படிப் போகவில்லை. ஊத்தை இல்லாமல் நோய் இல்லை, ஆனால் ஊத்தை இருந்தால் மட்டும் நோய் கடைசி வரை போய்விடாது. ஆளுக்கு ஆள் உடம்பு வேறு. "எங்க தாத்தா பிரஷ்ஷே பிடிச்சதில்லை, 80 வயசுல கரும்பு கடிச்சார்" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தா 11 சதவீதத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். சொல்கிற பேரன் எந்தச் சதவீதம் என்பதுதான் பிரச்சினை.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகளையும் சொல்லியாக வேண்டும். ஒன்று, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆய்வில் ஒரு பெண்கூடக் கிடையாது. ஓஸ்லோவில் ஆண்களை எடுத்ததால் இங்கேயும் ஆண்கள். இரண்டாவது, 480 பேரில் 1985-இல் மிஞ்சியவர்கள் 161 பேர். இடைப்பட்ட அந்த வருடங்களில்தான் ஒப்பந்தப்படி மலையகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1977-இலும் 1983-இலும் கலவரங்கள் நடந்தன. ஆய்வுக் கட்டுரையில் வெறும் எண்ணாகக் குறையும் இடத்தை, மலையக வரலாறு தெரிந்தவர் படித்தால் அப்படிச் சும்மா கடந்துபோக முடியாது.

*

இதே காலத்தில் நடந்த இன்னொரு ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் முழுசாகப் புரியும். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரத்தில் பெர் அக்சல்சன், யான் லிந்தே இருவரும் 1971-72-இல் தொடங்கியது அது. 375 பேருக்கு முதல் இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையும், அடுத்த நான்கு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையும் கிளீனிங். கிளீனிங் மட்டுமில்லை. எங்கே ஊத்தை விட்டுப் போகிறது என்று சாயம் பூசிக் காட்டி, பல்லிடுக்கில் எப்படிச் சுத்தம் செய்வது என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு 180 பேருக்கு வருடத்துக்கு ஒரு தடவை வழக்கமான வைத்தியம் மட்டும். இரண்டாவது குழுவுக்கு ஈறு நோயும் சொத்தையும் ஏறிக்கொண்டே போயின. ஆறு வருடத்தோடு அந்த ஒப்பீட்டுக் குழு முடிக்கப்பட்டது. முதல் குழுவைத் தொடர்ந்தார்கள், பிறகு பெரும்பாலோருக்கு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவையே போதுமானதாக இருந்தது. 30 வருட முடிவு 2004-இல் வெளியானது. இழந்த பற்கள் ஒருவருக்குச் சராசரி இரண்டைக்கூடத் தொடவில்லை.

இங்கேதான் உறுத்துகிறது. கார்ல்ஸ்டாட்டில் கவனிப்புக் குறைந்தவர்களை ஆறு வருடத்துக்கு மேல் அப்படியே வைத்துப் பார்க்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவனிப்பே இல்லாதவர்களை 15 வருடம் பார்த்தார்கள், அதற்குப் பிறகும் பார்த்தார்கள். ஆய்வாளர்கள் யாருடைய பிரஷ்ஷையும் பிடுங்கவில்லை என்பது நிஜம். அவர்கள் போகாவிட்டாலும் அந்தப் பற்கள் விழுந்திருக்கும் என்பதும் நிஜம். ஆனால் 1965-இல், தேய்த்தால் ஒரு வாரத்தில் ஈறு ஆறும் என்று உலகுக்கு நிரூபித்த அதே மனிதரின் குழுதான் 1970-இல் அந்த ஈறுகளை அளந்தது. நோயின் 'இயற்கையான போக்கு' என்று கட்டுரைத் தலைப்பில் போட்டார்கள். ஒரு தோட்டத்தில் பல் மருத்துவர் இல்லாமல் இருப்பதில் இயற்கையானது என்ன இருக்கிறது?

(லோ பின்னாளில் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளியின் டீன் ஆனார், 1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். ரிக்ஸ், ஃபோன்ஸ், லோ என்று ஈறு நோயின் வரலாறு ஏனோ அந்தச் சின்ன மாநிலத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது.)

*

அப்படியானால் எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளீனிங்குக்கு ஓட வேண்டுமா? இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. அந்த 'ஆறு மாதம்' எந்த ஆய்விலிருந்தும் வந்தது இல்லை. 1930-களில் அமெரிக்க வானொலியில் பெப்சோடென்ட் பற்பசை விளம்பரம், வருடத்துக்கு இரண்டு தடவையாவது டாக்டரைப் பாருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தது. 1977-இல் ஆப்ரி ஷைஹாம் என்ற பேராசிரியர் 'லான்செட்' இதழில், இந்த ஆறு மாதக் கணக்குக்கு அறிவியல் ஆதாரம் உண்டா என்று நேராகவே கேட்டார்.

பதில் வர 40 வருடம் ஆயிற்று. ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் 63 கிளினிக்குகளில் 1,877 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். சிலருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கிளீனிங், சிலருக்கு வருடத்துக்கு ஒன்று, சிலருக்கு மூன்று வருடம் கிளீனிங்கே இல்லை. 2018-இல் வந்த முடிவு, ஈறில் ரத்தம் வருவதில் மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் கிளீனிங் பிடித்திருக்கிறது, அதற்குக் காசு கொடுக்கவும் தயார் என்றார்கள் மக்கள். (தேவை என்பது வேறு, வாங்கும் விருப்பம் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பொருளாதாரப் புத்தகத்தில் கிடைக்காது.)

இதைப் படித்துவிட்டு "பார்த்தியா, பாட்டி சொன்னது சரி" என்று கிளம்பக் கூடாது. அந்த 1,877 பேர் யார் என்று பார்க்க வேண்டும். ஒழுங்காக டாக்டரிடம் போய்வருபவர்கள், தினமும் பிரஷ் செய்பவர்கள். முற்றிய ஈறு நோய் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. ஏற்கனவே சுத்தமாக இருப்பவருக்கு இன்னொரு பாலிஷ் போடுவதால் பெரிய லாபம் இல்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தினமும் தேய்க்காதவருக்கு, தேய்த்தும் ஈறில் ரத்தம் வருபவருக்கு, சர்க்கரை நோயாளிக்கு, புகை பிடிப்பவருக்குக் கணக்கு வேறு. கிளீனிங்கால் அதிகம் பயனடையக் கூடியவர்கள் பெரும்பாலும் கிளினிக் பக்கமே வராதவர்கள். வருபவர்களுக்கு அது அவ்வளவாகத் தேவையில்லை. ஃபோன்ஸ் தன் மாணவிகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பியதன் அருமை இப்போதுதான் தெரிகிறது.

தேயிலைத் தோட்டத்துக்கு 2010-இல் மறுபடி ஒரு குழு போனது. முதல் பரிசோதனை முடிந்து 40 வருடம். 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. இதற்குள் 2003-இல் வந்த சட்டம், மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை கொடுத்திருந்தது. இளைஞர்களாக வாயைத் திறந்தவர்கள் இப்போது ஐம்பதும் அறுபதும் எழுபதுமாக வந்து உட்கார்ந்தார்கள். சராசரியாக ஒருவருக்கு 13 பல் போயிருந்தது. ஒரு பல்கூட இழக்காதவரும் இருந்தார், 28-ஐயும் இழந்தவரும் இருந்தார்.

அந்த 40 வருடக் கணக்கு 2017-இல் வெளியானது. காறையை எடுப்பதும், ஊத்தை சேராமல் பார்த்துக்கொள்வதும், ஈறு வீக்கத்தை ஆரம்பத்திலேயே அடக்குவதும் பல் விழாமல் இருக்க அவசியம் என்று அதன் முடிவுரை சொல்கிறது. ஆரம்பநிலை ஈறு நோய்க்கு 30 வயதுக்கு முன்பே வைத்தியம் செய்துவிட வேண்டும், புகைப்பதையும் அப்போதே நிறுத்த வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1970-இல் முதல் தடவை வாயைத் திறந்து காட்டியபோது அந்த 480 பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் 30 வயதுக்குள்தான்.